ஐப்பசி மழைக்கு முன்னால் பார்க்க வேண்டிய வீடுகள்

காவிரி டெல்டாவின் பேரூராட்சி ஒன்றில், ஊர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நம் ஊரில் இடிந்துகொண்டிருக்கும் வீடுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "ஜேசிபியைக் கொண்டுவந்து தள்ளிவிட்டால் தீர்ந்தது." இன்னொன்று, "அடுத்தவர் சொத்து, நமக்கு எதற்கு வம்பு." இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பொறையாறு நமக்கு எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் போய்விடலாம். 2017 அக்டோபர் 20, தீபாவளி முடிந்த இரண்டாம் நாள். அங்கே அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில், ஓய்வறையின் மேற்கூரை விடியற்காலையில் இடிந்து விழுந்தது. உள்ளே படுத்திருந்த ஊழியர்கள் 8 பேர் இறந்தார்கள். இரவு டிரிப் முடித்துவிட்டு, காலை முதல் வண்டியை எடுக்க வேண்டுமே என்று கொஞ்சம் கண்ணயர்ந்தவர்கள். மாதம் ஐப்பசி. கட்டடம் பல பத்தாண்டுகள் பழையது. அதைப் பூட்டிக் கிடந்த கட்டடம் என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் ஆள் புழங்கிய இடம், அரசாங்கத்தின் சொந்தக் கட்டடம்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையை ஆரம்பிப்பதென்றால் அரசாங்கக் கட்டடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக்கூடம், சத்துணவுக்கூடம், ரேஷன் கடை, பழைய குடியிருப்புகள், மேல்நிலைத் தொட்டி இவற்றை முதலில் பார்க்க வேண்டும். தன் வீட்டுக் கூரையைப் பார்க்காத பேரூராட்சி ஊரான் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினால் யார் மதிப்பார்கள்?

கட்டட வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். ஒரு பழைய வீடு எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால் பாதிப் பயமும் போகும், பாதி அலட்சியமும் போகும்.

நம் தெருக்களில் இருக்கும் மச்சு வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் ஒட்டுதான். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நட்டுச் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். நன்றாகப் பராமரித்தால் நூறு வருஷம் நிற்கும், நின்றும் இருக்கிறது. ஆனால் தட்டோட்டில் ஒரு விரிசல் விட்டால் போதும். தண்ணீர் உள்ளே இறங்கி, கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டையின் தலை அங்கேதான் மக்கும். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டை முழுசாக, பளபளவென்று தெரியும். சுவருக்குள் போன ஒரு சாண் நீளம் மட்டும் தவிடாகியிருக்கும். ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டின இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் என்றால் முனை இறங்காது. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால், அந்த அறையில் அன்றிரவே யாரும் படுக்கக் கூடாது.

இன்னொன்று அரசங்கன்று. காக்கை போட்ட விதை கைப்பிடிச் சுவரில் முளைக்கும். நாம் என்ன செய்கிறோம்? கார்த்திகைக்கு வெள்ளையடிக்கும்போது கிளையை மட்டும் ஒடித்து எறிகிறோம். வேர் உள்ளே பருத்துக்கொண்டே போகும், சுவர் வாய் பிளக்கும். அந்த இடத்துச் செங்கல்லைப் பெயர்த்து, வேரை முழுசாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். சிமெண்டால் அடைக்காதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டைப் பூசினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை உதிர வைக்கும். "நல்லா சிமெண்ட் பூசினோமே, ஏன் உதிருது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆக, வீடு ஒரே நாளில் விழுவதில்லை. பல வருஷமாக நம் கண் முன்னால்தான் விழுந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் ஏன் யாரும் கை வைக்கவில்லை?

காரணம் சுவரில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. தாத்தா பெயரில் வீடு. அவருக்கு ஐந்து பிள்ளைகள், அவர்களுக்குப் பிள்ளைகள். ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் கடல் தாண்டி. பாகப்பிரிவினை நடக்கவில்லை, அல்லது கோர்ட்டில் கிடக்கிறது. வழக்கு இருப்பதால் யாரும் தொடமாட்டார்கள். தொடாததால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு அறை போகிறது. நம் பக்கத்தில் கூடுதலாக இன்னொரு சிக்கல்: பல தெருக்களில் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம், மேலே இருக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது. அடிமனை வாடகை பாக்கி, பெயர் மாற்றவில்லை என்று அது ஒரு தனிக் கதை. கட்டடத்துக்காரர் மனைக்காரரைக் காட்டுவார், மனைக்காரர் கட்டடத்துக்காரரைக் காட்டுவார். நடுவில் நடந்து போகிற பள்ளிக்கூடப் பிள்ளையின் தலைமேல் அந்தச் சுவர் நிற்கிறது.

"உரிமையாளரைத் தேடினோம், கிடைக்கவில்லை" என்று அலுவலகத்தில் சொல்வதுண்டு. நான் கேட்பேன், சொத்துவரி கட்டியிருக்கிறதா? அரையாண்டுக்கு அரையாண்டு செல்போனிலேயே வரி கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். வரி வருகிறதென்றால் கட்டுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். வரி வரவில்லை என்றால் வில்லங்கச் சான்று இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அதற்கும் மேலே, அந்தத் தெருவில் எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால், யார் எங்கே இருக்கிறார், எந்தப் பேரன் கல்யாணத்துக்கு வந்துபோனார் என்பதுவரை சொல்லிவிடுவார்.

சரி, அதிகாரம் இருக்கிறதா? இருக்கிறது, நெடுங்காலமாக இருக்கிறது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே ஆபத்தான கட்டடத்துக்கு வழி சொல்லியிருந்தார்கள். பழுது பார், முட்டுக்கொடு, வேலி போடு அல்லது இடி என்று உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். அவர் செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. சட்டம்தான் மாறியது, செயல் அலுவலரின் கடமை மாறவில்லை.

அது நடக்கவில்லையா? கோட்டாட்சியரிடம் போகலாம். முன்பு "133 போடுவது" என்பார்களே, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அதே பிரிவுதான் 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152ஆம் பிரிவாக இருக்கிறது. விழும் நிலையில் உள்ள கட்டடத்தால் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவருக்கோ, தொழில் செய்பவருக்கோ, அந்த வழியே போகிறவருக்கோ ஆபத்து என்றால், அதைச் சரிசெய்யவோ அகற்றவோ உத்தரவு போடலாம். போகிறவருக்கும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் "உனக்கும் அந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது.

"பேரூராட்சியில் பணம் இல்லை" என்ற பதிலுக்கும் உச்ச நீதிமன்றம் 1980லேயே பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊர். சாக்கடை நாற்றம் தாங்காமல் ஜனங்கள் இதே 133இன் கீழ் மனுப் போட்டார்கள். நகராட்சி நிதி இல்லை என்றது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. பணமில்லை என்று சொல்லி அடிப்படைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பு வந்தது.

இவ்வளவு சொன்ன நான் ஜேசிபிக்கு ஏன் அவசரப்படவில்லை? எல்லாப் பழைய வீடும் ஆபத்தான வீடு அல்ல. முன்பக்கத் திண்ணையும் ரேழியும் கல்லுப்போல் நிற்கும், கொல்லைப்புறச் சமையலறை மட்டும் விழுந்திருக்கும். நம் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால் அடுத்த வீடு ஆடும். பொதுச்சுவருக்கு முட்டுக்கொடுத்து, மேலிருந்து கீழாகக் கையால் பிரிக்க வேண்டிய இடங்கள் அவை. அப்புறம், சில வீடுகளில் வயதான அம்மா ஒருவர் முன்னறையில் தனியாக இருப்பார். அவருக்கு ஒதுங்க இடம் காட்டாமல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவது நிர்வாகம் ஆகாது. அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடத்தை இடிப்பதற்கே 15 நாள் அவகாசம், பதிவுத் தபாலில் நோட்டீஸ், நேரில் விசாரணை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா? இன்றைக்கோ நாளைக்கோ விழுந்துவிடும் என்கிற சுவர் வேறு விஷயம். அதற்கு அன்றைக்கே கயிறு கட்டிப் பாதையை மறிக்க வேண்டும்.

பழுது பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் தூரம் போக வேண்டாம். பொறையாற்றுக்குப் பக்கத்திலேயே தரங்கம்பாடி. சுனாமிக்குப் பிறகு அங்கே கோல்ட்ஸ்மித் தெருவில் பழைய வீடுகள் சிலவற்றை, பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு சுண்ணாம்பும் மரமும் கொண்டே மீட்டெடுத்தது. போய்ப் பாருங்கள். கூடவே உங்கள் கொத்தனாரையும் ஆசாரியையும் அழைத்துப் போங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் நம் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. அந்த வேலைக்குக் கூலி கொடுக்க ஆள் இருந்தால்தான் இளம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வருவார்கள்.

புதிய கட்டடங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி. நல்ல வசதி, வரவேற்கிறேன். ஆனால் பழைய தெருவில் கடைக்கால் தோண்டும்போது பக்கத்து வீட்டு மண்சாந்துச் சுவர் சரியாமல் பார்ப்பது யார்? தோண்டுவதற்கு முன்னால் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று நம் மன்றம் தீர்மானம் போட வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்று கும்பகோணம் 2004 ஜூலை 16 அன்று நமக்குக் காட்டியது. பள்ளிக்கூடத் தீயில் போனது 94 குழந்தைகள். அந்தக் கீற்றுக் கொட்டகையை எத்தனை அதிகாரிகள் தாண்டிப் போயிருப்பார்கள்?

நான் கேட்பது இவ்வளவுதான். ஆடி, ஆவணிக்குள் வார்டு வார்டாக ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். உடனே ஆபத்து, பழுது பார்த்தால் நிற்கும், பூட்டிக் கிடக்கிறது ஆனால் உறுதி என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். அந்தப் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் நோட்டீஸ் போனது, பதில் வந்ததா, அடுத்து என்ன என்று எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டும். கவுன்சிலர் வீடு, கட்சிக்காரர் வீடு, கோயில் கட்டடம், என் சித்தப்பா வீடு, எதற்கும் விலக்குக் கிடையாது. சின்னக் கடையின் தகரக் கொட்டகையைப் பிரிக்க ஒரு மணி நேரத்தில் வண்டி வருகிறது. அதே வேகம் கடைத்தெரு முனையில் வயிறு தள்ளி நிற்கும் அந்த இரண்டு மாடிச் சுவருக்கும் வேண்டும்.

மனுவின் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. வீட்டின் கதவு எண், தெரு, எந்தப் பக்கச் சுவர், உங்களுக்குத் தெரிந்தவரை உரிமையாளர் யார் என்று எழுதினால் போதும். செல்போனில் படம் எடுத்திருந்தால் தேதியோடு பிரிண்ட் போட்டு இணையுங்கள். வருகிற ஞாயிறு காலை 7 மணிக்குத் தேரடியில் கூடி, வடக்கு வீதியிலிருந்து நடக்க ஆரம்பிக்கிறோம். ஏணி நான் கொண்டுவருகிறேன். கொத்தனார்கள் இரண்டு பேர் வந்தால் நல்லது.