சாயத் தண்ணியும் சேகோ தண்ணியும் பாடமா வர்ற படிப்பு

வணக்கம் நேயர்களே. இண்டஸ்ட்ரியல் அண்ட் என்விரான்மென்டல் பயோடெக்னாலஜின்னு மாஸ்டர்ஸ்ல ஒரு படிப்பு இருக்கு, அதைப் பத்தி பேசுங்கன்னு நிலையத்துல இருந்து கூப்பிட்டாங்க. டிகிரி முடிச்சிட்டு அடுத்து என்னன்னு யோசிக்கிற பசங்க, பொண்ணுங்க, பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருக்கிற அம்மா அப்பா, எல்லாருக்கும் சேர்த்துத்தான் பேசப் போறேன்.

பயோடெக்னு சொன்னதும் வெள்ளை கோட்டு, டிஎன்ஏ, தடுப்பூசி, இதுதான் நம்ம மனசுல வருது. இந்தப் படிப்புல நுண்ணுயிரியை வேலைக்கு வைக்கிறோம்ங்க, அதுவும் லட்சக்கணக்கான லிட்டர் பிடிக்கிற தொட்டியில. ஒரு பக்கம் அதுங்க நமக்குப் பொருள் செஞ்சு தருது. கூல்ட்ரிங்க்ஸ்ல போடுற சிட்ரிக் ஆசிட்டை எலுமிச்சம்பழத்துல இருந்தா எடுக்கிறாங்க? இல்ல, ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர்ங்கிற கருப்புப் பூஞ்சை சர்க்கரையைத் தின்னு செஞ்சு குடுக்குது, 1917ல அமெரிக்காவுல ஜேம்ஸ் கரிங்கிறவர் அதுக்கு வழி காட்டினார். இன்னொரு பக்கம் நாம விடுற கழிவை அதுங்க தின்னு தீர்க்குது. 1914ல இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் ஆர்டெர்ன், லாக்கெட்னு ரெண்டு பேரு சாக்கடைத் தண்ணியில காத்தை ஊதி, அடியில படிஞ்ச, நுண்ணுயிரி நிறைஞ்ச சேறைக் கொட்டாம அடுத்த தண்ணிக்கும் அதையே வச்சுப் பாத்தாங்க, சுத்தமாகிற நேரம் மடமடன்னு குறைஞ்சது, ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்னு சொல்றோமே அது இப்படிப் பொறந்ததுதான், இன்னிக்கும் உலகம் பூரா ஓடுது.

சரி, தொழிற்சாலையும் சுற்றுச்சூழலும் ஏன் ஒரே பட்டத்துல? திருப்பூரை எடுத்துக்குவோம். பனியன் துணியை ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்கிறாங்க, அது கொஞ்சம் துணியில நின்னுட்டாலும் சாயம் சரியா ஏறாது, அதனால சூடு தண்ணியில திரும்பத் திரும்ப அலசணும். அங்க கேட்டலேஸ்ங்கிற என்சைமை, அதாவது நொதியைக் கொஞ்சம் விட்டா பெராக்சைடு தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிஞ்சு போயிடும், அத்தனை அலசல் வேண்டாம். மிச்சமாகிறது தண்ணி மட்டுமா, பாய்லர்ல எரியுற விறகும் தான். உள்ள செய்யுற வேலை வெளிய போற கழிவைக் குறைக்குது பாருங்க, இந்த ரெண்டையும் சேர்த்துப் பாக்குற கண்ணு வேணும், அதைத்தான் இந்தப் படிப்பு குடுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அதே திருப்பூர்லதான் நொய்யல் ஆத்துல சாயத் தண்ணி கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில தேங்கி, கீழ்ப்பக்கம் இருக்கிற விவசாயிங்க பட்ட பாடு உங்களுக்கே தெரியும். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. ஒரு சொட்டு கூட வெளிய விடக்கூடாதுங்கிற ஏற்பாடு வந்த பிறகுதான் மறுபடி ஓடுச்சு. இதுல மாணவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சாயம் ஏறுறதுக்கு உப்பு போடுறாங்க, லிட்டருக்குப் பல கிராம், அந்த உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது. அதுக்கு ஆர்ஓ வேணும், மிஞ்சுற தண்ணியை ஆவியாக்குற எவாப்பரேட்டர் வேணும், கரண்ட் செலவு கண்ணைக் கட்டும். நுண்ணுயிரி எதைச் செய்யும், எது அதோட வேலை இல்லைன்னு தெரியாம சர்வரோக நிவாரணி மாதிரி பயோடெக்கைப் பேசுறவங்களை நம்பாதீங்க.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அசோ சாயம்னு ஒரு பெரிய குடும்பம், துணிச் சாயத்துல பாதிக்கு மேல அதுதான். ஆக்சிஜன் இல்லாத தொட்டியில போட்டா பாக்டீரியா அந்த அசோ பிணைப்பை உடைச்சிடும், கலர் போயிடும், தண்ணி தெளிஞ்சிடும். ஆனா உடைஞ்சு வர்ற அரோமாட்டிக் அமீன்கள்ல சிலது சாயத்தை விட மோசம், புற்றுநோய் வரவைக்கக்கூடியது. அதை அடுத்து காத்து ஊதுற தொட்டியில விட்டாத்தான் தீரும். கலர் போயிடுச்சுன்னு கையைத் தட்டிட்டு வர்றவனுக்கும், அந்தத் தண்ணியில இப்ப என்ன இருக்குன்னு கேக்குறவனுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் ரெண்டு வருஷம் படிக்கிறது.

கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற பிளாண்ட்ல தினம் செய்யுற ஒரு சோதனையைச் சொல்றேன். காத்து ஊதுற தொட்டியில இருந்து தண்ணியை 1 லிட்டர் கண்ணாடி ஜாடியில எடுத்து 30 நிமிஷம் ஆடாம வைக்கணும். பழுப்பு நிறத்துல சேறு மெல்ல இறங்கும், மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். சேறு 250 மில்லியில நின்னு, தொட்டியில லிட்டருக்கு 2.5 கிராம் சேறு இருந்தா, வகுத்தா 100 வரும், நல்லா இருக்குன்னு அர்த்தம். அதே 600 மில்லியில நின்னா 240, சேறு உப்பிப் போச்சு, நாளைக்கு வெளிய போற தண்ணியோட அதுவும் சேர்ந்து போகும். உடனே மைக்ராஸ்கோப்புல பாத்தா நூல் நூலா பாக்டீரியா நீண்டு கிடக்கும். ஏன் வந்துச்சு? ஆக்சிஜன் பத்தலையா, இல்ல சத்து பத்தலையா? சாயத் தண்ணியில நைட்ரஜனும் பாஸ்பரஸும் ரொம்பக் கம்மிங்க, அதனாலதான் பிளாண்ட்ல யூரியா, டிஏபி மூட்டை அடுக்கி வச்சிருப்பாங்க, வயலுக்குப் போடுற அதே உரம்தான்.

சேலம், நாமக்கல் பக்கம் போனா சேகோ, அதாவது ஜவ்வரிசி பேக்டரி. குச்சிக்கிழங்கு மாவு எடுத்த தண்ணி ஓடையில போய் அழுகி நாறின காலம் உண்டு. இப்ப பல இடத்துல அதை மூடின தொட்டியில விட்டு மீத்தேன் எடுக்கிறாங்க. தண்ணியில இருக்கிற கழிவை, அதை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கிறதை வச்சு அளக்கிறதுக்கு சிஓடின்னு பேரு, அது 1 கிலோ தீர்ந்தா கணக்குப்படி 0.35 கனமீட்டர் மீத்தேன். ஆனா அவசரப்பட்டு நிறைய தண்ணியை ஏத்தினா ஆசிட் செய்யுற பாக்டீரியா வேகமா பெருகிடும், மீத்தேன் செய்யுறது மெதுவா வளர்ற ஜாதி, அது பின்தங்கி தொட்டியே புளிச்சுப் போகும், திரும்ப சரியாக வாரக்கணக்குல ஆகும்.

இதெல்லாம் கணக்குங்க. பிஎஸ்சியில தாவரவியல், விலங்கியல், மைக்ரோபயாலஜி படிச்சிட்டு வர்ற பிள்ளைங்க மாஸ் பேலன்ஸ், மோனோட் சமன்பாடுன்னதும் மிரண்டு போறாங்க. உள்ள எவ்வளவு போச்சு, வெளிய எவ்வளவு வந்துச்சு, மிச்சம் எங்கன்னு கேக்குற கணக்குதான் மாஸ் பேலன்ஸ், தீனி எவ்வளவு இருந்தா நுண்ணுயிரி எவ்வளவு வேகமா வளரும்னு சொல்றதுதான் மோனோட், சேர்றதுக்கு முன்னாடி லீவுலயே பழகிடுங்க.

சேர்ற வழி, மத்திய அரசோட பயோடெக்னாலஜி துறையான டிபிடி ஆதரவு தர்ற படிப்புகளுக்கு கேட்-பி (GAT-B) தேர்வு, எம்டெக்குக்கு கேட் (GATE), நம்ம தமிழ்நாட்டுல எம்டெக்குக்கு சீட்டா-பிஜி (CEETA-PG) நுழைவுத் தேர்வு. காலேஜ் பாக்கப் போனா கட்டடத்தைப் பாக்காதீங்க, நுண்ணுயிரியை வளர்க்கிற தொட்டி, ஃபெர்மென்டர், இருக்கான்னு கேளுங்க, இருந்தா கடைசியா எப்ப ஓடுச்சு, மாணவங்க கையில குடுக்கிறாங்களான்னும் கேளுங்க. பட்டத்தோட பேரும் முக்கியம், அரசு வேலை அறிவிப்புல எந்தப் பட்டம் செல்லும்னு பேரைப் பாத்துத்தான் முடிவு பண்றாங்க, அதனால பழைய அறிவிப்புகளைப் படிச்சிட்டுச் சேருங்க. சம்பளம், ஐடி மாதிரி ஆரம்பத்துலயே வராது, அதை வீட்டுல இப்பவே பேசிடுறது நல்லது. வேலை என்சைம் கம்பெனி, எத்தனால் ஆலை, பொது சுத்திகரிப்பு நிலையம், ஆராய்ச்சின்னு பரவிக் கிடக்கு.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு மூணாவது செமஸ்டர்லயே அலைய ஆரம்பிங்க. முடிஞ்சா நிஜமா தொட்டி ஓடுற இடத்துக்குப் போங்க, அங்க ஷிப்ட் பாக்குற ஆபரேட்டர் அண்ணன்கிட்ட பேசுங்க. வெள்ளை நுரை பொங்குனா சேறு இன்னும் இளசு, கெட்டியா பழுப்பா எண்ணெய்ப் பிசுக்கோட நுரை மிதந்தா சேறு முத்திப் போச்சுன்னு அவர் பாத்ததும் சொல்லுவார். அது ஏன்னு நீங்க எண்ணுல காட்டுங்க, அதுவே நல்ல தீசிஸ். நன்றி, வணக்கம்.