நூறு டாலருக்குக் கைமாறிய நீதிபதி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சுண்டுவிரலில் இருந்து தொடங்குகிறேன். விரித்த கையில் மற்ற விரல்களெல்லாம் மேல்நோக்கி நிற்க, அது மட்டும் நடு மூட்டில் திரும்பி, கைகாட்டி மரம்போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. பலமுறை மூட்டு பிசகி, கடைசியில் பிசகியபடியே நிலைத்துப்போன விரல் அது. அவர் பள்ளிக்கூடங்களுக்குப் போனால் குழந்தைகளின் கண் முதலில் அங்கேதான் போகும். விரலுக்குச் சொந்தக்காரர் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் 22 ஆண்டுகள் நீதிபதியாக இருந்த ஆலன் பேஜ். அதற்கு முன்பு 15 பருவங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் தடுப்பு வரிசை வீரர்.

இது நாம் அறிந்த கால்பந்து அல்ல. ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜம் முன்னேறியாக வேண்டும். அந்த அணியின் மூளை குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் மதில்போல் நிற்பார்கள். மதிலுக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து காத்திருப்பவர்கள்தான் தடுப்பு வரிசைக்காரர்கள். பந்து அசைந்த கணத்தில் பாய்ந்து, மதிலைப் பிளந்து, குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைச் சாய்க்க வேண்டும். இதற்கு ‘சாக்’ என்று பெயர். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மறுபடி குனிய வேண்டும். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் இவர்கள் படும் பாடு நம் கண்ணில் படுவதில்லை. எனக்கும் முதலில் இது வெறும் தள்ளுமுள்ளாகத்தான் தெரிந்தது. பந்தை மறந்துவிட்டு அந்த வரிசையை மட்டும் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ருசி பிடிபட்டது.

இந்த வேலைக்கு எடைதான் மூலதனம் என்பது பயிற்சியாளர்களின் கணக்கு. பேஜ் போட்ட கணக்கு வேறு. எதிரே இருப்பவர் நிமிர்வதற்குள் அவரைக் கடந்துவிட்டால், அவர் எத்தனை கிலோ இருந்தால் என்ன?

1945இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். உருக்காலைகள் நிறைந்த ஊர். 13 வயதில் தாயை இழந்தார். தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்மண்டபம் அமைந்திருப்பதும் அந்த ஊரில்தான். 1963இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் வேலையில் இளைஞர் பேஜும் கூலிக்கு இருந்தார். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1966இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்துவிட்டு, அரசியல் அறிவியலில் பட்டமும் வாங்கிக்கொண்டு, 1967இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு வந்தார்.

பட் கிராண்ட் என்ற கண்டிப்பான மனிதர் அங்கே தலைமைப் பயிற்சியாளர். எலும்பை உறைய வைக்கும் குளிரில் திறந்த மைதானத்தில் ஆட்டம். ஓரத்தில் கணப்பு வைக்கக்கூடாது என்பது அவர் சட்டம். பேஜ், கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் என்று நால்வர் கொண்ட அந்த முன்வரிசைக்கு ‘ஊதா நிறத்து ஆள்விழுங்கிகள்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஊதா அவர்கள் சீருடையின் நிறம்.

1971ஆம் ஆண்டு டிசம்பரில் டெட்ராய்ட் அணியோடு நடந்த ஓர் ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. அடுத்தடுத்து பேஜ் மீது தவறு அறிவித்து அவருடைய அணிக்கு அபராதம் விதித்தார்கள். மனிதருக்குக் கோபம் தலைக்கேறியது. நடுவரிடம் வாதாடவில்லை, குனிந்தார். பந்து அசைந்ததுதான் தாமதம், எதிரணியின் பின்கட்டுக்குள் நுழைந்து பந்தோடு இருந்தவரைச் சாய்த்தார். மறுபடியும் அதே. தடுக்க நின்றவர்கள் கதவுக்குக் காவல் நிற்க, இவர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போய்விட்டதுபோல இருந்தது. அந்தப் பருவத்தில் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவருக்கு அளித்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. அவருக்குப் பிறகு 1986இல் லாரன்ஸ் டெய்லருக்குக் கிடைத்தது, அத்தோடு சரி.

நான்கு சூப்பர் பவுல் இறுதி ஆட்டங்களில் ஆடி நான்கிலும் தோற்ற சோகமும் இந்த அணிக்கு உண்டு. அதை நீட்டப்போவதில்லை. அவர் தோற்றதைவிட வெளியேற்றப்பட்ட விதம்தான் எனக்குச் சுவையாகப்படுகிறது.

ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டம் படிக்க ஆசைப்பட்டு ஒரு கல்லூரியில் சேர்ந்து, மூன்றே வாரத்தில் விட்டுவிட்டவர் அவர். 1975இல் மினசோட்டா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். வீரர் சங்கத்தின் பிரதிநிதியாக நிர்வாகத்தோடு பேரம் பேசிய அனுபவமும் கூடவே இருந்தது. அந்த நாட்களில் அணிக் கூட்டம் ஒன்றில், ஆட்டத் திட்டங்கள் அச்சிட்ட கையேட்டை ஒவ்வொருவராக உரக்க வாசிக்கச் சொன்னார் பயிற்சியாளர். உடன் இருந்த சிலர் எழுத்துக்கூட்டவே திணறினார்கள். கல்லூரிப் படிப்பைத் தாண்டி வந்தவர்கள்! பந்தைப் பிடித்த காரணத்துக்காகவே வகுப்புக்கு வகுப்பு தள்ளிவிடப்பட்டவர்கள் என்பது பேஜுக்கு உறைத்தது. அந்தக் காட்சி அவரை விட்டுப் போகவே இல்லை.

இதற்கிடையில் மனைவி டயேன் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓட ஆரம்பித்தார். துணைக்குப் போன கணவரை ஓட்டம் பிடித்துக்கொண்டது. சுமார் 111 கிலோ இருந்த உடம்பு 100 கிலோ அளவுக்கு இறங்கியது. தடுப்பு வரிசையில் இது கிட்டத்தட்ட ஒழுக்கக்கேடு! இளைத்துவிட்டார், இனி தாங்கமாட்டார் என்று கிராண்ட் முடிவு கட்டினார். 1978ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆறு ஆட்டங்கள் முடிந்த நிலையில் வைக்கிங்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. விடுவிக்கப்பட்ட வீரரை எடுத்துக்கொள்ள இன்னொரு அணி கட்ட வேண்டிய கட்டணம் 100 டாலர். கட்டியது சிகாகோ பியர்ஸ். வைக்கிங்ஸில் அவருக்குப் பயிற்சி அளித்த பட்டி ரயன் அப்போது சிகாகோவில் இருந்தார். சரக்கு என்ன என்று அவருக்குத் தெரியும். சட்டப் பட்டம் கைக்கு வந்ததும் அதே 1978இல்தான்.

தாங்கமாட்டார் என்று சொல்லப்பட்டவர் சிகாகோவுக்காக 58 ஆட்டங்கள் ஆடினார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 1979இல் முழு மாரத்தானை ஓடி முடித்தார். தொழிலில் இருந்துகொண்டே அதைச் செய்த முதல் ஃபுட்பால் வீரர் அவர். 1981இல் ஓய்வுபெற்றபோது பருவ ஆட்டங்களின் மொத்தக் கணக்கு இடைவிடாமல் 218. சாக் எண்ணிக்கை நூற்று நாற்பத்தெட்டரை என்கிறார்கள். என்கிறார்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், லீக் அதிகாரபூர்வமாக அதை எண்ணத் தொடங்கியது 1982இல்தான். அவர் கிளம்பிய மறுவருடம்! அதனால் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே அந்த எண் இல்லை.

1988இல் புகழ்மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். தாம் கூலிக்கு வேலை செய்த அதே வளாகம். அவரை மேடையில் அறிமுகப்படுத்தியது பயிற்சியாளரோ பழைய சகாவோ இல்லை. மினியாபொலிஸ் பள்ளித் தலைமையாசிரியை ஒருவரை அழைத்துவந்தார். உரையிலும் ஃபுட்பாலை விட்டுவிட்டுக் கல்வியைப் பேசினார். அதே ஆண்டு அவர் தொடங்கிய அறக்கட்டளை சிறுபான்மை மாணவர்களுக்குக் கல்வி உதவி தருகிறது. பெறுபவர்கள் தங்களைவிடச் சிறிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்பது நிபந்தனை.

நீதிபதி ஆனதும் எளிதாக அல்ல. மினசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 1992இல் பதவியில் இருந்த ஒருவரின் காலத்தை ஆளுநர் நீட்டித்துவிட, அந்த இடத்துக்குத் தேர்தலே இல்லாமல் போனது. பேஜ் வழக்குத் தொடுத்தார், வென்றார், தேர்தலிலும் நின்று வென்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. கழுத்தில் எப்போதும் வில் டை. 2008இல் நடந்த செனட் தேர்தல் ஒன்று 312 வாக்கு வித்தியாசத்தில் இழுபறியாகி, 2009இல் வழக்கு வந்தபோது, தலைமை நீதிபதி விலகிக்கொண்டதால் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் இவர். அமர்வில் இருந்த ஐவரும் ஒரே குரலில் வேட்பாளர் ஆல் ஃப்ராங்கனுக்கு வெற்றி என்று தீர்ப்பளித்தார்கள். 2015இல் 70 வயது நிறைந்து, சட்டப்படி ஓய்வு. 2018இல் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம்.

அந்தச் சுண்டுவிரலைப் பற்றி, ஆசிரியையான மகளோடு சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகமும் எழுதிவிட்டார். மினியாபொலிஸில் மாரத்தான் நடக்கும் நாளில், ஓட்டக்காரர்கள் கடந்துபோகும் தெருவோரத்தில் பேஜ் நிற்பார். தோளைச் சுற்றிப் பாம்புபோல் வளைந்த பெரிய பித்தளைக் குழல் ஒன்று, சூசஃபோன் என்பார்கள். உடம்பில் எடை போதாது என்று நீக்கப்பட்டவர், அந்தப் பாரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓடுகிறவர்களுக்காக ஊதிக்கொண்டிருப்பார்.

நன்றி, வணக்கம்.