சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் பேராசிரியப் பெருமக்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் சிறப்பு விருந்தினர்களே, எல்லாருக்கும் மேலாக மலமாதிரியைக் கையாளும் ஆய்வுக்கூட நண்பர்களே, வணக்கம்.

கல்லீரல் தட்டைப்புழுவைப் பற்றி மூன்று செய்திகள் பேசுகிறேன்: மாதிரி, பரிசோதனை, சிகிச்சை.

தாய்லாந்தின் வடகிழக்கில் ஈசான் என்றொரு பகுதி. அங்கே கொய் பிளா என்றால் நாக்கில் எச்சில் ஊறும். ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் போட்டுப் பிசைந்து, ஒட்டரிசிச் சோற்றோடு சாப்பிடுவார்கள். புளிப்பில் சதை வெளுத்ததும் மீன் வெந்துவிட்டதாக நினைப்பு. உள்ளே கூடு கட்டியிருக்கும் புழு அதற்கா சாகும்? கோன்கேன் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் நரோங் குந்திகியோவின் தாய், தந்தை இருவருமே அதை விரும்பிச் சாப்பிட்டவர்கள். இருவரையும் கல்லீரல் புற்றுநோய் கொண்டுபோனது. காரணம் சாப்பாட்டுத் தட்டில் இருந்தது மருத்துவம் படித்த பிறகே மகனுக்குத் தெரிந்தது. அவரும் அவர் குழுவினரும் அல்ட்ராசவுண்டு கருவியோடு ஊர் ஊராகப் போய் மக்களைப் பரிசோதித்தார்கள். அந்தப் புழுவின் பெயர் ஓபிஸ்தோர்க்கிஸ் விவெரினி. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே அறிவித்துவிட்டது.

மலத்தில் வெளியேறும் புழு முட்டையை நுண்ணோக்கியில் பார்க்கலாமே என்பீர்கள். மலத்தைச் சிறு அச்சில் அளந்து கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்க்கும் காட்டோ-காட்ஸ் முறையில் நாம் பார்ப்பது 41.7 மில்லிகிராம் மலம் மட்டுமே. அதில் ஒரு முட்டை தெரிந்தால் கிராமுக்கு 24 என்று கணக்கு. தொற்று லேசாக இருந்தால் ஒன்றும் தென்படாது. தென்பட்டாலும் 30 மைக்ரோமீட்டர்கூட நீளம் இல்லாத அந்த முட்டையையும் ஹாப்லோர்க்கிஸ் போன்ற சிறு குடற்புழு முட்டையையும் கண்ணால் பிரிப்பது பெரும்பாடு. இங்கேதான் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் கைகொடுக்கிறது. ஐடிஎஸ்2, காக்ஸ்1 மரபணுப் பகுதிகளைக் கொண்டு இன்ன புழு என்று சொல்லிவிடலாம்.

ஆனால் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்! ஃபார்மலினில் போட்ட மாதிரியில் டிஎன்ஏ பிணைந்தும் துண்டாகியும் கெட்டுப்போகிறது. 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஒரு பங்கு மலத்துக்கு மூன்று பங்காவது எத்தனால் வேண்டும். முட்டைகள் மலத்தில் சீராகப் பரவியிருப்பதில்லை, ஆகவே முழு மாதிரியையும் கலக்கிவிட்டே 200 மில்லிகிராம் எடுங்கள். எத்தனால் தங்கினால் பிசிஆர் படுத்துவிடும். உப்புக் கரைசலில் இருமுறை கழுவுங்கள். முட்டை ஓடு கெட்டியானது, நொதி மட்டும் போதாது. நுண்மணிகளோடு குலுக்கி உடைத்த பிறகே டிஎன்ஏ பிரித்தெடுப்புக்குப் போங்கள். பித்த உப்பும் மலத்தின் கூட்டுச் சர்க்கரைகளும் வினையைத் தடுக்கும். அதனால் ஒவ்வொரு மாதிரியிலும், வினை ஒழுங்காக நடக்கிறதா என்று காட்டும் அகக் கட்டுப்பாட்டு டிஎன்ஏவைச் சேருங்கள். அது பெருகவில்லையா? 'தொற்று இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். பிரித்தெடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள்.

சிகிச்சைக்குப் பிராசிகுவாண்டெல் என்ற மருந்து இருக்கிறது, அதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேடையில் இருக்கும் அதிகாரிகளிடம் என் கோரிக்கை ஒன்றே: கள முகாமுக்குப் போகும் பெட்டியில் ஃபார்மலினுக்குப் பக்கத்தில் எத்தனால் குப்பியையும் வைக்க ஆணையிடுங்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், ஐயா. கருவிக்குக் கேட்கும் நிதியில் முதல் பங்கை இந்தக் குப்பிகளுக்கு ஒதுக்குங்கள்.