கல்லும் சேர்ந்ததுதான் மலைக்காட்டு மண்

வணக்கம் நேயர்களே. கொழும்பில் கிரவல் என்றால் எல்லோருக்கும் தெரியும். லொறியில் வந்து இறங்கும், பள்ளக் காணியை நிரப்பும், மழைக்கு முன்னால் ஒழுங்கையில் கொட்டி மட்டப்படுத்துவார்கள். அதனால் கிரவல் மண் என்று நான் சொன்னவுடன் உங்கள் மனதில் வருவது ஒரு செம்மண் குவியலாகத்தான் இருக்கும். நான் பேச வந்தது அந்த மண்ணைப் பற்றி இல்லை. மலையகத்தில் ஐயாயிரம், ஆறாயிரம் அடிக்கு மேலே, பனிமூட்டத்துக்குள் நிற்கிற காட்டுக்குக் கீழே ஒரு மண் இருக்கிறது. கறுப்பு, ஈரம், கை வைத்தால் குளிர், அதற்குள்ளே பொடிக் கல்லிலிருந்து தேங்காய் அளவுக் கல் வரை எல்லாம் கலந்து கிடக்கும். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

என் அப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கான் வெட்டினவர். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டுகிற வாய்க்காலைத்தான் அங்கே கான் என்பார்கள். அலவாங்கு மண்ணில் இறங்குகிற சத்தத்தை வைத்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். 'கிண்'ணென்று கேட்டால் வெள்ளைக் கல், தீப்பொறி பறக்கும். 'தொப்'பென்று அமுங்கினால் உக்கிய கல், பயப்படாமல் இன்னும் இறக்கலாம். 'சரக் சரக்' என்றால் சின்னக் கல்லும் மண்ணும் கலந்தது, தண்ணீர் நிற்காது. பிற்காலத்தில் மண் பரிசோதிக்கிற வேலைக்கு நான் போனபோது படித்ததெல்லாம் இந்த மூன்று சத்தத்துக்கான விளக்கம்தான் என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

நாங்கள் கிரவல் என்பதை இந்தியாவில் சரளை என்பார்கள். பழந்தமிழில் முரம்பு. சங்கப் பாட்டில் தேர் ஓடுகிற வழியிலேயே முரம்பு வருகிறது. மண் ஆய்வில் கணக்கு எளிது: இரண்டு மில்லிமீற்றர் சல்லடையில் சலித்து, கீழே விழுவதை மண் என்றும் மேலே நிற்பதைக் கல் என்றும் பிரிப்பார்கள். மண்ணின் கன அளவில் 15 சதவீதத்துக்கு மேல் சின்னக் கல் இருந்தால் அது சரளை மண், 35 சதவீதத்தைத் தாண்டினால் மிகுந்த சரளை. மலைச் சரிவுக் காடுகளில் இந்த இரண்டாவது வகை ஒன்றும் அபூர்வம் இல்லை.

கொழும்புப் பக்கத்துக் கிரவலுக்கும் மலைக் கிரவலுக்கும் பிறப்பே வேறு. இங்கே நாம் வெட்டி எடுக்கிற கபுக் என்ற செம்பாறைக் கல்லும் அதோடு வருகிற உருண்டைக் கல்லும், சூடும் மழையும் சேர்ந்த தாழ்நிலத்தில் இரும்புச்சத்து மண்ணுக்குள்ளேயே இறுகிக் கட்டியானவை. மலையில் இருப்பது உடைந்த பாறை. நம் மத்திய மலைநாட்டின் அடியில் கிடப்பவை மிகப் பழைய உருமாறிய பாறைகள். சார்னோகைட் அதில் முக்கியமானது. சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் கல்லும் அதே வகைதான். இந்தப் பாறை மழையில் ஊறி உக்கும்போது அதிலிருக்கிற பெல்ஸ்பார் என்ற கனிமம் களியாகிறது, கருங்கனிமங்கள் துருவாகி மண்ணுக்கு மஞ்சளும் சிவப்பும் கொடுக்கின்றன. குவாட்ஸ் மட்டும், அதாவது அப்பாவின் வெள்ளைக் கல், கரையவே கரையாது. பாறையில் நரம்பு மாதிரி ஓடியது துண்டு துண்டாகி மண்ணில் தங்கிவிடும். ஆற்றுக் கல் போல உருண்டையாக இருக்காது, முனை கூராகக் கையைக் கிழிக்கும், ஏனென்றால் அது எங்கேயும் உருண்டு வரவில்லை, கிடந்த இடத்திலேயே உடைந்தது அல்லது சரிவில் கொஞ்சம் நழுவியது. இடையில் சில சமயம் கடுகளவு, மிளகளவு சிவப்பு மணி கிடைக்கும், அது கார்னெட் என்ற கனிமம்.

ஒரு குழியைச் சொல்கிறேன். நுவரெலியாப் பக்கம், அனுமதி வாங்கி, காட்டுக்குள் ஒரு மீற்றர் ஆழத்துக்கு வெட்டினோம். மேலே நாலு விரல் அளவுக்கு இலைச் சருகு, பாதி உக்கியது, பாசி, மெல்லிய வேர்கள் பின்னிப் பாய் மாதிரி. அதைச் சுருட்டியே தூக்கலாம், தூக்கினால் கல்லும் சேர்ந்தே வரும், வேர் கல்லை அப்படிச் சுற்றிப் பிடித்திருக்கும். அதற்குக் கீழே ஒரு சாண் கறுப்பு மண், பிசைந்தால் ஈரக் கோப்பித்தூள் மாதிரி உதிரும். அங்கே குளிர் அதிகம் என்பதால் சருகு மெதுவாக உக்கும், அதனால்தான் இவ்வளவு கறுப்பு. அப்புறம் மஞ்சள் கலந்த பழுப்பு, கல் கூடிக்கொண்டே போகும். முக்கால் மீற்றரில் உக்கிய பாறை. பார்த்தால் பாறையின் கோடுகள் எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் நகத்தால் கீறினால் மாவாக விழும்.

அந்தக் குழியின் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. யாரோ வைத்து அடுக்கினது போலக் குவாட்ஸ் கற்கள் ஒரே மட்டத்தில் வரிசையாக. மண் படிக்கிறவர்கள் இதைக் கல்வரி என்பார்கள். இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. எப்போதோ ஒரு காலத்தில் மேல்மண் அரித்துப்போய் கல் மட்டும் தரையில் மிஞ்சி, பிறகு மேலே இருந்து நழுவி வந்த மண் அதை மூடியது என்பது ஒன்று. மற்றது மண்புழுவும் கறையானும் செய்த வேலை: அவை பொடி மண்ணை மட்டும்தான் மேலே கொண்டுவரும், கல்லைத் தூக்க முடியாது, அதனால் கல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. புழுக்கள் கற்களைப் புதைப்பதை டார்வின் வருடக்கணக்காக அளந்து 1881-ல் எழுதி வைத்தார். எங்கள் குழியில் கறுப்பு மண் முழுக்கப் புழு வளை, ஒரு பிடி மண்ணை எடுத்தால் மூன்று நான்கு புழு நெளியும். அதைப் பார்த்துவிட்டு நான் இரண்டாவது பக்கம்தான் சாய்ந்தேன், ஆனாலும் இவ்வளவு சரிவில் முதலாவதும் கொஞ்சம் கலந்திருக்கும்.

சரி, இதெல்லாம் கொழும்பில் இருக்கிற நமக்கு எதற்கு? காலையில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலேயில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது. களனி எங்கிருந்து வருகிறது? மேல்மலையில் கெஹெல்கமு ஓயாவும் சிவனொளிபாதமலைப் பக்கத்து மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி. அந்தச் சரிவுகளில் மழை ஊற்றும்போது காட்டுத் தரையில் தண்ணீர் ஓடி நான் பார்த்தது குறைவு. சருகு தாங்கிக்கொள்ளும், கறுப்பு மண் உறிஞ்சும், கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாகத் தண்ணீர் விறுவிறுவென்று உள்ளே போய்விடும், பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஓடையில் கசியும். மழை விட்டு இரண்டு வாரம் ஆன பிறகும் அங்கே ஓடையில் தண்ணீர் தெளிவாக ஓடுவது இதனால்தான்.

கல் தண்ணீருக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால், அது எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. மண்மேல் தளர்வாகக் கிடக்கிற கல் மழைத்துளியின் அடியைத் தான் வாங்கிக்கொண்டு மண்ணைக் காப்பாற்றும். அதே கல், காட்டை எடுத்து, மேல்மண் அடிபட்டு இறுகிய தரையில் பாதி புதைந்து கிடந்தால், அது சீமெந்துத் தரையில் பதித்த கல் மாதிரித்தான், தண்ணீர் அதன்மேல் விழுந்து வழிந்து ஓடும், பக்கத்து மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். கல் அதே கல்தான், மேலே சருகு இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இந்தக் கற்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டு நாங்கள் ஒரு தடவை பெரிய தவறு செய்தோம். ஒரு காட்டு மண்ணில் எவ்வளவு கரிமம் இருக்கிறது என்று பார்க்க மாதிரி எடுத்து ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். அவர்கள் வழக்கப்படி சலித்து, கல்லை வீசிவிட்டு, மிச்ச மண்ணில் அளந்து எண்ணைக் கொடுத்தார்கள். நானும் அந்த எண்ணை முழு நிலத்துக்கும் பெருக்கிவிட்டேன், கல் இருந்த இடத்திலும் மண் இருந்தது போல. கணக்குப் பாருங்கள்: ஒரு கிலோ மாதிரியில் பாதி கல், பாதி மண். கல் ஒரு லீற்றருக்குச் சுமார் 2.65 கிலோ கனம், காட்டு மண் ஒரு லீற்றர் ஒரு கிலோ அளவுதான். அப்படியானால் எடையில் பாதியாக இருக்கிற கல், இடத்தில் கால்வாசிக்குச் சற்று மேல். ஒரு சதுர மீற்றரில் முப்பது சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 300 லீற்றர் மண் என்று நான் எழுதினேன், உண்மையில் இருந்தது 220 லீற்றர் அளவுதான். தண்ணீர் தேங்கும் அளவும் அதே விகிதத்தில் தவறு. அந்த அறிக்கையைத் திருப்பி எழுத மூன்று மாதம் போனது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்கிற முறை இது. இரும்புக் குழாயை அடித்து இறக்கி மாதிரி எடுக்கிற வேலை கல் மண்ணில் நடக்காது, குழாய் வளைந்துவிடும். அதனால் கையால் ஒரு சின்னக் குழி தோண்டி, வந்த மண், கல், வேர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பையில் போடுவோம். பிறகு மெல்லிய பொலித்தீனைக் குழிக்குள் விரித்து, அளவுச் சாடியால் தண்ணீர் ஊற்றுவோம். விளிம்பு வரை நிறைய எத்தனை லீற்றர் போனதோ அதுதான் குழியின் கன அளவு. பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பையன் ஒருவன் "அங்கிள், குழிக்குத் தண்ணி காட்டுறீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

சத்து விஷயத்தில் இந்த மண் ஏழை. குவாட்ஸ் எதையும் கொடுக்காது, அங்கே இருக்கிற களியும் சத்தைப் பிடித்து வைக்கிற வலு குறைந்த களி, மண்ணோ புளிப்பு. அப்படியிருந்தும் காடு அவ்வளவு பச்சையாக நிற்கிறது என்றால், சத்து முழுக்க அந்த மேல் ஒரு சாண் கறுப்பில் மரத்துக்கும் சருகுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான். காட்டை வெட்டினால் அந்தச் சுற்று அறுந்துபோகும். கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் அழிந்த மலைகளில் நடந்தது அதுதான். 1873-ல் ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கிற காட்டைத் தொடவேண்டாம் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னதால் ஹோர்டன் சமவெளி மாதிரி இடங்கள் மிஞ்சின. குறிஞ்சிச் செடி பூக்கிற அந்தக் காட்டின் கீழே கறுப்பு மண் இன்னும் இருக்கிறது. அதற்காக அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்வேன்.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இந்த மண் நழுவும். மேல்மண் தண்ணீரை வேகமாக உள்ளே விடும், கீழே உக்கிய பாறை மெதுவாகத்தான் வாங்கும், பெருமழையில் தண்ணீர் அந்த இரண்டுக்கும் நடுவில் கட்டி நிற்கும், மண்ணின் பிடி தளரும். மர வேர்தான் அந்த இடத்தைத் தைத்து வைத்திருக்கிறது. மேலேயிருந்து பழைய காலத்தில் நழுவி வந்து மலையடியில் குவிந்த கல் மண்ணில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, கட்டினால் ஆபத்து இரண்டு மடங்கு. 2014 ஒக்டோபர் 29-ல் கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவில் நாம் இழந்த உயிர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். மலையகத்தில் உறவுகள் இருக்கிறவர்கள் கேளுங்கள்: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 150-ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. ஆனால் அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம். தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கினால், நிலத்தில் புது வெடிப்பு தெரிந்தால், நேராக நின்ற மரம் சாய்ந்தால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்த நேரமே வெளியே போகச் சொல்லுங்கள்.

அந்த நுவரெலியாக் குழியை நாங்கள் மூடினபோது எடுத்த வரிசைக்கு எதிர் வரிசையில் போட்டோம். உக்கிய பாறை முதலில், அப்புறம் மஞ்சள் மண்ணும் கல்லும், அப்புறம் கறுப்பு, கடைசியாகச் சுருட்டி வைத்த சருகுப் பாய். அன்றைக்கே காட்டுக்கு வெளியே, பழைய தேயிலைச் சரிவில் இன்னொரு குழி வெட்டி அதையும் அப்படித்தான் மூடினோம். அடுத்த வருடம் போனபோது காட்டுக் குழியைத் தேட ஒரு மணித்தியாலம் ஆனது, பாசி அதை மூடிவிட்டிருந்தது. தேயிலைச் சரிவுக் குழி தூரத்திலிருந்தே தெரிந்தது. மேல்மண் முழுக்க மழையோடு போய், அந்த இடம் மட்டும் வெள்ளைக் கல்லாகக் கிடந்தது.