வீடு கொடுத்தார்கள், பஸ்ஸைக் கொடுக்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம். குடிசைகளில் இருந்தவர்களுக்குத் தொடர்மாடியில் வீடு கொடுக்கிற வீட்டுத்திட்டங்களைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பஸ்ஸில் இருந்து தொடங்குகிறேன், கொழும்பில் இந்த இரண்டையும் வேறு வேறாகப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா கொம்பனித்தெருவில் இருந்தவர். தகரக் கூரை, பொதுக் குழாய், மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர். ஆனால் சமையல் வேலை செய்கிற வீடுகள் கொள்ளுப்பிட்டியில், நடந்தே போய்விடுவார், பின்னேரம் வாசலில் இடியப்பமும் விற்பார். அப்புறம் நகரின் வடக்குப் பக்கம் தொடர்மாடியில் ஒன்பதாம் மாடியில் வீடு கிடைத்தது. குளியலறை உள்ளேயே இருக்கிறது, நல்ல சுவர், அதை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் இப்போது விடிய ஐந்து மணிக்கே இறங்கி, பிரதான வீதி வரை நடந்து, இரண்டு பஸ் மாற வேண்டும், இரவில் வேலை பிந்தினால் ஓட்டோதான், அன்றைய சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். ஒன்பதாம் மாடியில் யாருக்கு இடியப்பம் விற்பது? வீட்டுக்கு மாதம் எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு என்று எல்லாம் கணக்குப் பார்த்துச் சொன்னவர்கள், பஸ் காசை மட்டும் எந்தக் கடதாசியிலும் எழுதவில்லை. இப்போது வார நாட்களில் கொம்பனித்தெருவில் தங்கையின் ஒற்றை அறையில்தான் படுக்கிறார்.

எல்லா இடமும் இப்படி இல்லை. 2001 இல் வந்த சகஸ்புர தொடர்மாடியைப் பாருங்கள், 671 வீடுகள். பேஸ்லைன் வீதி கூப்பிடு தூரம், பொரளையும் பெரியாஸ்பத்திரியும் கிட்ட.

சரி, ஏன் எல்லா இடத்திலும் அப்படி முடியவில்லை? வீட்டைக் கட்டுவது ஓர் இடம், தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாண அதிகாரசபை, அரச பஸ் ஓட்டுகிற இலங்கைப் போக்குவரத்துச் சபை இன்னொன்று, ரயில் திணைக்களம் வேறொன்று. எந்தக் குடிசைத் தோட்டத்து மக்களை எங்கே குடியேற்றுவது என்று முடிவெடுக்கும் மேசையில் இவர்களும் இருக்க வேண்டும்.

களனிவெளி ரயில் பாதை மருதானையில் இருந்து நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடை வழியாக அவிசாவளை வரை போகிறது. பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம்தான், ஆனாலும் நகரத்தின் நடுவால் போகிற பாதை. அதை விரிவாக்க வேண்டும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தண்டவாளத்தின் ஓரத்தில் இத்தனை காலம் வாழ்ந்தவர்களை எழுப்பி ரயிலே இல்லாத இடத்துக்கு அனுப்பிவிட்டு அந்த ரயிலை யாருக்காக ஓட்டப்போகிறோம்? 2020 இல் இரத்தான மாலபே இலகு ரயில் நாளைக்கே திரும்பி வந்தாலும் இதே கதைதான். நிலையங்களைச் சுற்றி யாருக்கு வீடு என்று முதலே எழுதி வைக்காவிட்டால் காணி விலை ஏறும், காரில் போகிறவர்கள் அங்கே குடிவருவார்கள், பஸ்ஸில் போகிறவர்கள் இன்னும் தள்ளிப் போவார்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் எழும்பிய மாடிகளைப் பாருங்கள், ரயில் நிலையம் நடை தூரத்தில் இருந்தும் ஒழுங்கைகள் முழுக்கக் கார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சாவி கொடுக்கிற நாளிலேயே, விடிய முதல் பஸ்ஸில் இருந்து இரவு கடைசி பஸ் வரை நேர அட்டவணையும் கையில் இருக்க வேண்டும், கீழ்த்தளத்தில் சின்ன வியாபாரத்துக்கு இடம் விட வேண்டும்.

தொடர்மாடிகளில் இருந்து இதைக் கேட்கிறவர்கள், வேலைக்குப் போக எத்தனை பஸ், மாதம் எவ்வளவு காசு என்று எழுதி வையுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களின் கையில் அதைக் கொடுங்கள். வணக்கம்.