கூட்டிப் போகாத தம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க்கின் பென் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறான் ஒரு பையன். வயது 16. பிறந்து வளர்ந்த ஊர்தான். இறங்கியதும் நேரே தொலைபேசிக் கூண்டுக்குள் போகிறான். யாரிடமாவது பேச வேண்டும். அண்ணன் ஹாலிவுட்டில் இருக்கிறான். தங்கை தூங்கியிருப்பாள்; அழைத்தால் அப்பாவோ அம்மாவோ எடுத்துவிடுவார்கள். பழைய தோழி ஜேன் கேலகர் வீட்டுக்குப் பேசலாமா? மனசு வரவில்லை. இருபது நிமிஷம் போல அங்கேயே நிற்கிறான். ஒருவரையும் கூப்பிடாமல் வெளியே வருகிறான்.

ஜே. டி. சாலிஞ்சர் 1951இல் வெளியிட்ட 'தி கேட்சர் இன் த ரை' நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் இப்படித்தான் தொடங்குகிறது. கதை சொல்லும் ஹோல்டன் கால்ஃபீல்டின் மனச்சோர்வைப் புரிந்துகொள்ள இந்தக் கூண்டு நல்ல வாசல். அவனுக்கு ஆள் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கூப்பிடாமல் இருக்க ஒரு காரணம் வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

பணக்கார வீட்டுப் பிள்ளை, ஐந்து பாடத்தில் நான்கில் தோற்றுப் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டவன், உலகமே போலி என்று திட்டித் தீர்க்கிறவன். பலரும் இத்தோடு அவனை மூடி வைத்துவிடுகிறார்கள். அப்படி வாசிக்க அவனே இடம் கொடுக்கிறான் என்பதுதான் சிக்கல். வலிக்கிற விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவது அவன் வழக்கம். தம்பி ஆலி இறந்ததையே, அறைத்தோழனுக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு கட்டுரையைச் சாக்காக வைத்துத்தான் நமக்குச் சொல்கிறான்.

அந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஆலிக்கு 11 வயது, ரத்தப் புற்றுநோய், இறந்தது 1946 ஜூலை 18. ஹோல்டனுக்கு அப்போது 13. அன்றிரவு கார் கொட்டகையில் படுத்தவன், அதன் ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் வெறுங்கையால் குத்தி உடைத்தான். கை முறிந்து மருத்துவமனையில் கிடந்ததால் தம்பியின் இறுதிச் சடங்கிலும் அவன் இல்லை. மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று பெற்றோர் யோசித்தார்கள். அவனிடம் மிஞ்சியது ஆலியின் பேஸ்பால் கையுறை. ஆட்டத்தில் வேலையில்லாத நேரத்தில் வாசிக்க, அதன் விரல்களிலும் உள்ளங்கையிலும் பச்சை மையில் கவிதைகள் எழுதி வைத்திருந்தான் தம்பி. அந்தக் கையுறையைப் பற்றித்தான் கட்டுரை. 'கேட்டது இதுவா?' என்று அறைத்தோழன் கத்த, ஹோல்டன் அதைக் கிழித்துப் போடுகிறான். துக்கத்தை முதன்முறையாக ஒருவர் கையில் கொடுத்தான். அது தலைப்புக்கு ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தது.

நாவலை மறுபடி எடுத்தால் ஒரு பென்சிலோடு உட்காருங்கள். மனசு சோர்ந்துபோனதாக அவன் சொல்லும் இடங்களில் கோடு போட்டு, அந்த நேரம் யாரை நினைக்கிறான் என்று பாருங்கள். கோபக்காரர்கள்தான் வருவார்கள் என்று நினைப்போம். அன்பு காட்டியவர்களும் வருகிறார்கள். அம்மா அனுப்பிய புது ஸ்கேட் காலணியைப் பெட்டியில் வைக்கும்போது அவனுக்குத் தாங்கவில்லை. கடையில் நின்று அவள் என்னென்ன கேள்வி கேட்டிருப்பாள் என்று நினைக்கிறான். அதுவும் அவன் கேட்ட வகை இல்லை. அன்பு வரும்போதெல்லாம் குற்ற உணர்ச்சியும் கூடவே வந்துவிடுகிறது. தங்கை ஃபீபி, 10 வயதுக் குழந்தை, கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த 8 டாலர் 65 சென்ட்டையும் எடுத்து நீட்டும்போது உடைந்து அழுகிறான். வெகுநேரம் நிறுத்த முடியவில்லை.

'உனக்குப் பிடித்தது ஒன்றாவது சொல்' என்று அதற்குச் சற்று முன் அவள்தான் கேட்டிருந்தாள். அவன் மனசில் வந்தவர்கள் வழியில் பார்த்த இரண்டு கன்னியாஸ்திரிகளும், ஒரு காலத்தில் இவனது ஸ்வெட்டரை இரவல் வாங்கிப் போட்டபடியே ஜன்னலிலிருந்து குதித்து இறந்த பள்ளித் தோழன் ஒருவனும்தான். வாய்விட்டுச் சொன்ன பெயரோ ஆலி.

குற்ற உணர்ச்சியின் வேர் பதினான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒருநாள் நண்பனோடு சைக்கிளில் கிளம்பிய ஹோல்டனிடம் தானும் வருவதாக ஆலி கேட்டான். 'நீ சின்னப் பையன்' என்று விட்டுவிட்டுப் போனான். இப்போது சோர்வு முற்றும்போதெல்லாம், சைக்கிளை எடுத்துக்கொண்டு வா என்று இறந்த தம்பியிடம் சத்தமாகப் பேசுகிறான். ஐந்தாம் அவென்யூவில் நடக்கையில், தெருவைக் கடக்குமுன் காணாமல் போய்விடுவேனோ என்று நடுங்கி, 'என்னைக் காணாமல் போக விடாதே, ஆலி' என்று கெஞ்சுகிறான். எதிர்ப்புறம் சேர்ந்ததும் நன்றி சொல்கிறான்.

அப்புறம் ஃபீபி வருகிறாள், ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு. ஊரை விட்டு ஓடப்போகிற அண்ணனோடு தானும் வருகிறேன் என்கிறாள். ஆலி கேட்ட அதே கேள்வி. ஹோல்டனுக்குத் தலை சுற்றுகிறது. முடியாது என்று அதட்டுகிறான், அவள் அழுகிறாள். ஆனால் இந்த முறை விட்டுவிட்டுப் போக அவனால் ஆகவில்லை. நான் எங்கும் போகவில்லை என்கிறான். அந்தப் பயணம் அங்கேயே நின்றுபோகிறது. கதை சொல்லும்போது அவனுக்கு 17. கலிஃபோர்னியாவில் சிகிச்சையில் இருக்கிறான், ஆகவே ஃபீபி அவனைக் குணமாக்கிவிட்டாள் என்று சொல்லமாட்டேன்.

இருந்தாலும் அந்த மழையை மறக்க முடியவில்லை. ஆலியின் கல்லறையில் இரண்டு முறை மழை வந்ததை அவன் முன்பே சொல்லியிருக்கிறான்: வந்தவர்கள் எல்லாம் காருக்கு ஓடினார்கள், வானொலியைப் போட்டுக்கொண்டு எங்கேயாவது சாப்பிடப் போகலாம் அவர்களால், ஆலியைத் தவிர. கடைசியில் பூங்கா ராட்டினத்தில் ஃபீபி சுற்றும்போதும் மழை கொட்டுகிறது. பெற்றோர்கள் எல்லாம் ராட்டினத்தின் கூரைக்கடியில் ஒதுங்குகிறார்கள். ஹோல்டன் பெஞ்சை விட்டு எழவில்லை. தங்கை தலையில் மாட்டிவிட்ட சிவப்புத் தொப்பியோடு, தொப்பலாக நனைந்தபடி அவள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

நன்றி, வணக்கம்.