ஆடத் தெரியாதவருக்கு பாலே வரலாற்றில் என்ன இடம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ரஷ்ய பாலே பற்றிய காணொளியில் செர்கெய் தியாகிலெவின் பெயரைப் பலமுறை குறிப்பிட்டிருந்தேன். அவர் ஆடியவரும் இல்லை, இசையமைத்தவரும் இல்லை, ஓவியரும் இல்லை. பணம் புரட்டித் தந்த ஏற்பாட்டாளருக்கு ஏன் இத்தனை பெருமை என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

1872-இல் பிறந்து பெர்ம் நகரில் வளர்ந்த தியாகிலெவ், சட்டம் படிக்க பீட்டர்ஸ்பர்க் வந்தபோது இசையமைப்பாளராகும் கனவோடு இருந்தார். புகழ்பெற்ற இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவோ அவருக்கு அந்தத் திறமை இல்லை என்று சொல்லிவிட்டார். 1895-இல் சிற்றன்னைக்கு எழுதிய கடிதத்தில், தமக்குச் சொந்தத் திறமை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை, கலைப் புரவலராவதே தமக்குரிய வேலை, அதற்கு வேண்டியவற்றில் பணம் மட்டும்தான் இல்லை, அதுவும் வந்துவிடும் என்கிறார். குடும்பச் சொத்து ஏற்கெனவே கரைந்துபோயிருந்த நிலையில் எழுதியது இது; அசாத்தியத் துணிச்சல்தான்.

அவர் முதலில் கலை விமர்சகர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நண்பர்களோடு சேர்ந்து 'கலை உலகம்' என்ற இதழை 1904 வரை நடத்தினார். பிரபுக்களின் பண்ணை வீடுகளுக்கு நேரில் சென்று, சுவர்களில் கவனிப்பாரற்றுத் தொங்கிய பழைய உருவப்படங்களைத் திரட்டி, 1905-இல் பீட்டர்ஸ்பர்க் தவ்ரீதா அரண்மனையில் பெருங்கண்காட்சியாக வைத்தார்.

பாரிஸில் 1909-இல் தம் நடனக் குழுவோடு தொடங்கிய பாலே பருவங்களிலும் (தொடர் நிகழ்ச்சிகளிலும்), பிறர் கவனிக்காததைக் கண்டெடுக்கும் இதே கண்தான் வேலை செய்தது. 'நெருப்புப் பறவை' பாலேவுக்கு இசையமைக்க முதலில் இசையமைப்பாளர் லியாதவை அணுகியவர், அது நடக்காதபோது, அவ்வளவாக அறியப்படாத 27 வயது ஸ்திராவின்ஸ்கியிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். 1910-இல் அது அரங்கேறியதும் அந்த இளைஞரின் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவியது. 1917-இல் 'பரேட்' நாட்டியத்துக்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தியின் இசையையும் பிக்காசோவின் திரைச்சீலை, உடைகளையும் ஒரே மேடையில் சேர்த்தவரும் அவரே.

பண விஷயத்தில், உண்மையைச் சொன்னால், அவர் கெட்டிக்காரரே அல்லர். 1921-இல் லண்டனில் ஆடம்பரமாக மேடையேற்றிய 'உறங்கும் இளவரசி' பாலே பெருநஷ்டத்தில் முடிந்து, காட்சியமைப்புப் பொருள்களே கடனுக்காகப் பறிபோயின. 1929 ஆகஸ்டில் வெனிஸில் அவர் இறந்தபோது, இறுதிச்சடங்குச் செலவை அவருடைய தோழிகளான மிசியா செர்ட்டும் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெலும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போது அவரது குழுவில் நடன அமைப்பாளர் பாலன்ஷைனும் நடனக் கலைஞர் லிஃபாரும் இருந்தார்கள். நாட்டியங்களும் கைவசம் இருந்தன. ஆனாலும் தியாகிலெவ் இல்லாமல் அந்தக் குழு ஒரு பருவம்கூட நீடிக்கவில்லை.